விளக்கேற்றும் பேரனுக்கே தோட்டம் என்று உயில் எழுதலாமா?

காங்கேயம் வட்டாரத்தைச் சேர்ந்த, 72 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் 2016 இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். கணவர் 1988 இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய நான்கு ஏக்கர் தோட்டமும், ஆசிரியை தம் பணத்தில் தம் பெயரில் வாங்கிய வீடும், பணி ஓய்வின்போது கிடைத்து வங்கியில் வைப்பாக இருக்கும் 12 லட்சம் ரூபாயும் குடும்பத்தின் சொத்துகள். மகன் சிட்னியில் வேலை பார்க்கிறார். மகள் திருப்பூரில் கணவரோடு சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறார். இருவருக்கும் தலா இரண்டு பிள்ளைகள்.

அவர் கேட்பவை நான்கு. தோட்டத்தை எந்தத் தலைமுறையிலும் விற்கக்கூடாது என்று உயிலில் எழுத வேண்டும். அமாவாசைதோறும் குலதெய்வக் கோயிலில் விளக்கேற்றுகிற பேரப்பிள்ளைக்கே தோட்டம் சேர வேண்டும். யாரும் வராவிட்டால் கோயிலுக்குப் போய்விட வேண்டும். கணவரின் திதியன்று என்றென்றைக்கும் 100 பேருக்கு அன்னதானம் நடக்க வேண்டும். நான்காவதாக, அவருடைய தந்தையார் கைப்பட எழுதிய பாட்டு நோட்டுகளை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கிறார். கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழின் பதிகங்களும், ஊர்க் கோயில் பாட்டுகளும், கைமருந்துக் குறிப்புகளும் அவற்றில் இருக்கின்றன. மகள்வழிப் பேத்தி ஒருத்தி மட்டும் அவற்றை ஆசையோடு புரட்டுகிறாளாம். ஆனால், "அவள் வேறு கூட்டத்துப் (குலத்துப்) பிள்ளையாயிற்றே" என்று தயங்குகிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உயில் என்றாலே யாருக்கு எத்தனை சென்ட் என்று மட்டும் கேட்பவர்களுக்கு நடுவில், எதை நம்பி வாழ்ந்தோம் என்பதும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தில் குறையே இல்லை. அதைச் செய்து முடிக்க நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்வதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும். அது தெளிவாகாமல் உயிலின் முதல் வரியைக்கூட எழுத முடியாது.

தோட்டம் முழுவதும் உங்களுடையதா?

கணவருக்குப் பிறகு பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதால் தோட்டம் முழுவதும் உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே. அது உரிமையை உண்டாக்குவதில்லை. கணவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், அப்போது உயிரோடிருந்தால் அவருடைய தாய்க்கும், சம பங்காகச் சேரும். உங்கள் மாமியார் மகனுக்கு முன்பே காலமாகிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆகவே 2016 இல் அந்தத் தோட்டம் உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் உயில் செல்லுபடியாவது உங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே. நான்கு ஏக்கருக்கும் சேர்த்து எழுதினால், மற்ற இரண்டு பங்குகளைப் பொறுத்தவரை அது வெறும் காகிதம்.

"மகளுக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது, அவளும் சொத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்ற வரியையும் கவனித்தேன். நம் பக்கத்தில் மிகப் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது. திருமணத்தில் செய்த சீர், வாரிசுப் பங்கை ஈடுகட்டிவிடாது. வாயால் சொன்ன "வேண்டாம்" என்பதும் சட்டத்தின் முன் நிற்காது. பங்கை விட்டுக்கொடுப்பதானால் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும். அதற்காக நாளைக்கே மகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அவருக்குச் சட்டப்படி என்ன வந்திருக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவர் விட்டுக்கொடுத்தால் அது அவருடைய விருப்பம். தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் பிறகு தெரிந்துகொள்ளும்போது ஏற்படும் மனக்கசப்பு, நீங்கள் விட்டுச்செல்ல விரும்பும் எல்லாவற்றையும் அரித்துவிடும்.

இங்கே எனக்குச் சிறந்ததாகப் படுவது பாகப்பிரிவினைதான். மூவரும் சேர்ந்து, கிணறும் வண்டித்தடமும் யார் பங்கில் வருகின்றன, பொதுவாக யார் யார் பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் எழுதிப் பதிவு செய்துகொண்டால், உங்கள் பங்கு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று கையால் காட்ட முடியும். குடும்பத்தாருக்கிடையே எழுதப்படும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. சிட்னியிலிருக்கும் மகன் நேரில் வர இயலாவிட்டால், முறைப்படி சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்.

வீடும் வைப்புத்தொகையும் முழுக்க உங்களுடையவை. அவற்றை உங்கள் விருப்பம்போல் எழுதலாம். வைப்புத்தொகைக்கு மகனை நாமினியாகப் போட்டிருப்பதால் பணம் அவருக்கே சேரும் என்று நினைத்துவிட வேண்டாம். வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு நாமினிக்கு உண்டு. உரிமை, உயில் இருந்தால் உயில்படியும் இல்லாவிட்டால் வாரிசுகள் அனைவருக்குமாகவும் போகும்.

விற்கக்கூடாது, விளக்கேற்ற வேண்டும் என்ற நிபந்தனைகள்

ஒருவருக்கு ஒரு சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, அதே மூச்சில் "என்றைக்கும் விற்கக்கூடாது" என்று தடை போட்டால், கொடை நிற்கும், தடை விழுந்துவிடும். உங்கள் பேரன் அடுத்த மாதமே கிரயம் பேசினாலும் அந்த ஒரு வரியைக் காட்டித் தடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஆயுள்கால அனுபவ உரிமையும், அவர்களுக்குப் பின் இப்போது பிறந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு முழு உரிமையும் என்று எழுதினால், ஒரு தலைமுறைக் காலம் தோட்டம் கைமாறாமல் இருக்கும். அதற்கு மேல், இன்னும் பிறக்காத தலைமுறைகளைக் கட்டிவைக்கச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. பொதுமக்கள் நலனுக்கான அறக்கொடைகளுக்கு அந்த எல்லையிலிருந்து விலக்கு உண்டு. தோட்டத்தைப் பொது அறக்கட்டளைக்கு எழுதிவிட்டால் அது நிலைத்து நிற்கும். ஆனால் அதன் விளைச்சலைக் குடும்பத்தார் தொட முடியாது. உங்கள் நோக்கம் அதுவல்ல என்றே கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன்.

விளக்கு நிபந்தனை இன்னும் சிக்கலானது. நிபந்தனையோடு சொத்து எழுதுவதைச் சட்டம் அடியோடு தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறைவேற்றக்கூடியதாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் ஒரு நிபந்தனையை எழுதி, அது தவறினால் சொத்து இன்னாருக்கு என்றும் குறிப்பிட முடியும். உங்கள் நிபந்தனை அப்படி நிற்குமா என்று பாருங்கள். ஓர் அமாவாசை தவறினால் உரிமை போய்விடுமா? காய்ச்சலில் கிடந்தால் என்ன செய்வது? சிட்னியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது தொடக்கத்திலேயே அடைக்கப்பட்ட கதவு அல்லவா? வந்தாரா வரவில்லையா என்பதற்கு யார் சாட்சி, பூசாரியா? ஒருவரின் வழிபாட்டைச் சொத்தோடு கட்டுவது பொதுக் கொள்கைக்கு ஏற்றதுதானா என்ற வாதத்தையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பாமல் இருக்கமாட்டார். நான் அந்தத் தரப்பில் இருந்தால் எழுப்புவேன். வழக்கு நடக்கிற அத்தனை ஆண்டும், அண்ணன் வராத அமாவாசைகளைத் தம்பி குறித்துவைத்துக்கொண்டிருப்பான். அந்தக் கோயில் வாசல் அவர்களுக்கு வழக்கின் வாய்தாவைத்தான் நினைவுபடுத்தும்.

நம் கொங்கு நாட்டிலேயே இதற்கு நேர் எதிரான கொடை ஒன்று இருக்கிறது. 13 ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற தலைவர் வெட்டிய வாய்க்கால், பவானியில் தொடங்கி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போய்க் கொடுமுடிப் பக்கம் முடிகிறது. தன்னலத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, தானும் தன் வம்சத்தாரும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று உறுதி சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி அருகே ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கட்டுப்பாட்டை அவர் தம் வீட்டுக்கு வைத்துக்கொண்டார். தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு எந்த நிபந்தனையும் விதித்ததாகக் கதையில் இல்லை. ஆனாலும் தை மாதம் 5 ஆம் நாளைக் காலிங்கராயன் நாளாகக் கொண்டாடி விவசாயிகள் அவரை வணங்குகிறார்கள்.

ஆகவே என் ஆலோசனை இது: சொத்துக்கு ஒரு தாளும் நம்பிக்கைக்கு ஒரு தாளுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உயிலில் அளவும் எல்லையும் பெயரும் மட்டும் இருக்கட்டும், அறிவுரையே வேண்டாம். சொத்தைக் கட்டுப்பாடில்லாமல் கொடுங்கள். மற்றதைச் சட்டத்துக்கு வெளியே, நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே கொடுக்கத் தொடங்குங்கள்.

அந்த இரண்டு வரிகள்

நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் நிபந்தனைகளும் கவலைகளும் இருந்தன. மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில், இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "முதல் குழந்தை தங்காமல் போன வருடம் ஐயன் (தந்தையார்) என்னைக் கொடுமுடிக்குக் கூட்டிப்போய், சன்னதியில் நின்று சுந்தரர் பதிகத்தைப் பாடிவிட்டு, என்னையும் பாடச் சொன்னார். எனக்குத் தொண்டை எழவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு நாளும் பாடாமல் இருந்ததில்லை." உங்கள் பேரப்பிள்ளைகளில் யாருக்காவது இது தெரியுமா? தெரியாது என்றே ஊகிக்கிறேன், ஏனென்றால் மகனிடம்கூட இதைச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. பாட்டி விரதம் இருக்கிறார், கோயிலுக்குப் போகச் சொல்கிறார் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எதற்கென்று தெரியாத வழக்கத்தைச் சொத்தின் பலத்தில் தொடரச் சொல்வதைவிட, எப்படி வந்தது என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவது மேல்.

"எனக்கு நம்பிக்கை இல்லை, ஆத்தா" என்று சிட்னிப் பேரன் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது. பதினேழு வயதில் அதை முகத்துக்கு நேரே சொல்லும் அளவுக்கு உங்களிடம் அவனுக்கு நெருக்கம் இருக்கிறது என்பதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கு அறிவுரை எழுதாமல், கொடுமுடிக் கதையை எழுதுங்கள். கிணறு வற்றிய ஆண்டுகளில் பண்ணையத்தை எப்படி ஓட்டினீர்கள், எந்த முடிவில் தவறினீர்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்காமல் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கோவிலுக்குப் போகாத பேரனும் அதைப் பத்திரமாக வைத்திருப்பான். எழுதக் கை வலித்தால், பேத்தியைக் கேள்வி கேட்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். தனியாகப் பேசுவதைவிட, கேட்பதற்கு ஒரு பிள்ளை எதிரில் இருந்தால் பேச்சு நன்றாக வரும்.

இந்தக் கடிதத்துக்கும் பதிவுகளுக்கும் சட்ட வலிமை எதுவும் கிடையாது. "இது உயில் அல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது" என்று அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் யாரும் அதை இரண்டாவது உயில் என்று நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வராமல் இருக்க இது உதவும்.

நோட்டுகள் யாருக்கு?

திருமணமான பெண்ணுக்குக் கணவர் வீட்டுக் குலதெய்வமே குலதெய்வம், கோயிலுக்குக் குடும்பவாரியாகத் தரும் தலைக்கட்டு வரியும் அந்த வழியில்தான் என்பது நம் வழக்கம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த நோட்டுகள் உங்களிடம் எப்படி வந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் தந்தையார் அவற்றை மகளுக்குக் கொடுத்தார். நீங்கள் வேறு கூட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அவற்றைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களை ஆத்தா என்று அழைக்கும் மகன்வழிப் பிள்ளைகளுக்கு மட்டுமே அவை போக வேண்டும், அம்மிச்சி என்று அழைக்கும் மகள்வழிப் பிள்ளைக்குப் போகக்கூடாது என்று சட்டமும் சொல்லவில்லை. உங்கள் தந்தையாரின் செயலும் சொல்லவில்லை. ஆசையோடு புரட்டுகிற கைக்கே கொடுங்கள்.

உயிலில் ஒரு பத்தியில் நோட்டுகளின் எண்ணிக்கையையும் அடையாளத்தையும் சொல்லி, பேத்தியின் பெயரை எழுதினால் போதும். தந்தையாருக்கு நீங்கள் ஒரே வாரிசு என்பதால், அவர் சொந்தமாக இயற்றி அச்சேறாதிருக்கும் ஊர்க் கோயில் பாட்டுகளின் பதிப்புரிமையும் இப்போது உங்களிடமே இருக்கிறது. அச்சேறாத கையெழுத்துப் படியை உயில்மூலம் ஒருவருக்குக் கொடுத்தால், வேறுவிதமாக எழுதாத வரையில், பதிப்புரிமையும் அவரையே சேரும் என்பது 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. பதிகங்கள் எல்லோருக்கும் பொது. அவற்றுக்கு இந்தக் கேள்வி எழாது. எது அவர் இயற்றியது, எது கேட்டு எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்தவரை இப்போதே பென்சிலால் ஓரத்தில் குறித்துவையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு படியைத் திருப்பூரிலும் ஒரு படியைச் சிட்னியிலும் வைக்கச் சொல்லுங்கள். கைமருந்துக் குறிப்புகளுக்கு மட்டும், "மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

என்றென்றைக்கும் அன்னதானம்

இந்த விருப்பத்தை முழுமையாக நிறைவேற்ற வழி இருக்கிறது. கோயிலில் ஒரு குறிப்பிட்ட தொண்டுக்காகக் கட்டளை ஏற்படுத்துவது பழைய முறை. 1959 ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டமும் அதை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் குலதெய்வக் கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால், தொகையை நிரந்தர வைப்பாக்கி, வட்டியிலிருந்து அன்னதானம் நடக்கும்படி எழுத்துமூலம் ஏற்பாடு செய்யலாம். பங்காளிகள் மட்டும் நடத்தும் கோயிலானால், பணத்தை யார் பெயரில், எந்தக் கணக்கில் வைக்கிறார்கள் என்று பார்க்காமல் கொடுக்க வேண்டாம். பொருளாளர் நல்லவராகவே இருக்கலாம். அவர் சொந்தக் கணக்கில் பணம் இருந்தால், அவர் காலத்துக்குப் பின் அவருடைய வாரிசுகள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 12 லட்சத்துக்காகத் தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுதோறும் கணக்கு, தணிக்கை, வருமான வரி வேலைகள் எல்லாம் உங்கள் மகள் தலையில் விழும்.

எண்ணிக்கையை இறுக்கிக் கட்டாதீர்கள். 7 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 84,000 ரூபாய் வரும். இன்றைக்கு 100 பேருக்கு இலை போட்டு மிச்சமும் இருக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 20 ஆண்டுகளில் அதே சாப்பாட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் செலவாகும். வட்டி அப்படியே நிற்கும். ஆகவே "100 பேருக்கு" என்பதை விட்டு, "வட்டி அனுமதிக்கும் அளவுக்கு" என்று எழுதி, செலவு போக மிஞ்சுவதை அசலோடு சேர்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். அன்னதானம் நடத்த முடியாத நிலை வந்தால் தொகை எதற்குப் பயன்பட வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று வைத்தால், ஓர் ஆசிரியையின் பெயருக்கு அதுவும் பொருத்தமே. ஒரு எச்சரிக்கையும் உண்டு: உங்கள் மருத்துவச் செலவுக்கு வேறு கையிருப்பு இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இப்போது 2 அல்லது 3 லட்சத்தில் கட்டளையைத் தொடங்கி நடப்பதைக் கண்ணால் பாருங்கள். மீதியை உயிலில் எழுதுங்கள்.

உயிலின் நடைமுறை

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட, அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் சொத்துப் பெறாதவர்களாகவும் உங்களைவிட வயதில் இளையவர்களாகவும் இருக்கட்டும். உயிலைப் பின்னாளில் நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வர வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் நான் பதிவு செய்யவே சொல்வேன். பதிவு செய்தாலும் உங்கள் காலம்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். உயிரோடிருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் செட்டில்மெண்ட் பத்திரம் அப்படியல்ல. எழுதிக் கொடுத்த பிறகு நீங்களாக ரத்து செய்ய முடியாது. ஆகையால், "இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். கொடுத்தே தீர வேண்டுமென்றால், உங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோர 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்கிறது.

கண் தானம் செய்ய விரும்புவதையும், இறுதிக் காரியங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் உயிலில் சேர்க்கப் போவதாகக் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் உயிலைப் பிரிப்பதே காரியமெல்லாம் முடிந்த பிறகுதான். கண்களையோ 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆகவே அதைத் தனித்தாளில் எழுதி, மகளிடமும் பக்கத்து வீட்டாரிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவையுங்கள். தோட்டத்தின் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வைப்புத்தொகை ரசீதுகள் ஆகியவற்றோடு உங்கள் பகுதி உரிமையியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். மகளையும் உடன் அழைத்துப் போங்கள். மகனைக் கைப்பேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.